நான்கு பக்கம், நான்கு வரி

வாசகர் யார் கடிதம் போட்டாலும் அவர் நான்கு பக்கத்துக்குக் குறையாமல் பதில் எழுதுவார். ஊரில் இருந்த மனைவிக்கு நான்கு வரி. அந்த மனிதரைப் பற்றி யார் என்னைக் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வேன். நல்ல நாவல்கள் எழுதினார், சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் நடந்து போனால் சாப்பாட்டுக் கடைக்காரர்கள் எழுந்து நின்று கும்பிடுவார்கள், எல்லாம் உண்மைதான். அதையெல்லாம் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். கூடவே ஒரே அறையில் கிடந்தவன் நான். எனக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன்.

பெயரைச் சொல்ல மாட்டேன். ஊரில் அவர் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு எதற்கு வீண் சங்கடம். எங்கள் அறையில் அவரை நாவல்காரர் என்போம். நேரில் நான் அண்ணே என்பேன்.

டன்லப் ஸ்திரீட்டில் ஒரு அரிசிக் கடைக்கு மேல்மாடியில் ஐந்து பேர் இருந்தோம். ஐந்து பேருக்கும் குடும்பம் ஊரில். ஐம்பதுகளில் எங்கள் தேக்கா வட்டாரத்தில் பாதி வீடு அப்படித்தான் இருந்தது. நான் அந்தக் கடையின் வேனை ஓட்டினேன். அவர் துறைமுகக் கிடங்கில் கிராணி, கணக்கெழுதுகிற குமாஸ்தா. காலை ஐந்து மணிக்கு எழுந்து, தகரப் பெட்டியை மடிக்கு முன்னால் இழுத்து வைத்து, அதன் மேல் தாளைப் போட்டு எழுதுவார். ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவார். சனிக்கிழமை அந்த வாரத்து அத்தியாயத்தை அவரே நடந்து கொண்டுபோய்ப் பத்திரிகை ஆபீசில் கொடுப்பார். தபாலில் போட்டால் தொலைந்துவிடுமாம்.

கதை ஞாயிற்றுக்கிழமை வரும். அவர் மட்டும் பேப்பர் வாங்க மாட்டார். கேம்பல் லேனில் ஒரு முடிவெட்டும் கடை இருந்தது. படிக்கத் தெரிந்த ஒருவர் தொடர்கதையை உரக்கப் படிப்பார். படிக்கத் தெரியாத பத்துப் பேர் பெஞ்சில் உட்கார்ந்து கேட்பார்கள். நம்மாள் வெளியே தூணுக்குப் பின்னால் நின்று அவர்கள் முகத்தைப் பார்ப்பார். யாராவது ஒருவர் உச்சுக் கொட்டினால் போதும், மனிதருக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவாது. மத்தியானம் எனக்குப் பிரியாணி நிச்சயம்.

அப்போது அவர் எழுதிக்கொண்டிருந்த கதையில் சிங்கப்பூரில் வேலை பார்க்கிற ஒருவன் ஊரில் இருக்கிற மனைவிக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருப்பான். அந்தக் கடிதங்களைப் படித்துவிட்டு அழாத பெண் இல்லை. நானே ஒரு முறை வேனை ஓரங்கட்டிவிட்டு மூக்கைச் சிந்தினேன். அதை அவரிடம் சொல்லவில்லை, தலைக்கனம் ஏறிவிடும்.

வாசகர் கடிதம் வந்தால் கை கழுவிவிட்டுத்தான் பிரிப்பார். இரண்டு தடவை படிப்பார். அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்துவிடுவார். சாப்பிட வாங்கண்ணே என்றால், "பதில் போடாத கடுதாசி பக்கத்துல இருந்தா சோறு எறங்காது தம்பி" என்பார். சாங்கியில் இருந்து ஒரு தோட்டக்காரர், கதையில் வந்த மாட்டுக்கு என்ன வயது என்று கேட்டு எழுதியிருந்தார். அதற்கும் நான்கு பக்கம். ஊருக்கு எழுத வேண்டியதை மாதம் ஒரு தடவை, கால்சட்டை போட்டுக்கொண்டு கிளம்புகிற அவசரத்தில் நின்றபடியே எழுதுவார். நலம், நலமறிய ஆவல். நிலத்தை மச்சானிடம் சொல்லிப் பார்த்துக்கொள்ளவும். உடம்பைக் கவனிக்கவும். மற்றவை பின்னர். அந்தப் பின்னர் ஒரு நாளும் வந்ததில்லை.

கல்யாணமாகி ஒரே வருஷத்தில் கப்பல் ஏறியவர் அவர். பிள்ளை குட்டி கிடையாது. அவர் மனைவி, அந்த அம்மா, தன் அண்ணன் வீட்டில் இருந்தார்.

வாசகர்கள் கூப்பிட்டால் எங்கேயும் போவார். ஞாயிற்றுக்கிழமை கடை வேனை முதலாளியிடம் கேட்டு வாங்கி நான்தான் ஓட்டிக்கொண்டு போவேன். பிடோக்கில் கடலோரத்தில் ஒரு பலகை வீடு. அதில் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர், ரிட்டையர் ஆன கிராணி. எங்களுக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு ஆறு மாதக் கதையையும் கத்தரித்து ஒட்டி வைத்திருந்த நோட்டை எடுத்தார். "நீர் நல்லாத்தான் எழுதுறீர். ஆனா அந்தப் பெட்டையை ஏன் இவ்வளவு அழ வைக்கிறீர்?" என்று கேட்டார். நாவல்காரர் வாத்தியார் முன்னால் நிற்கிற பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அடுத்த இரண்டு வாரம் கதையில் யாரும் அழவில்லை. கதை சப்பென்று போய்விட்டது.

இன்னொரு ஞாயிறு செம்பவாங்கில் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போனோம். அங்கே தொழிலாளர்கள் மாலை போட்டு, பாய் விரித்து, ஒலிபெருக்கி எல்லாம் வைத்திருந்தார்கள். கூட்டம் முடிந்ததும் ஒரு அம்மா இடுப்பில் பிள்ளையோடு வந்து நின்றது. "இப்படியெல்லாம் கடுதாசி எழுதுற புருசன் கெடைக்க உங்க வீட்டம்மா குடுத்து வச்சிருக்கணுங்க" என்றது. அவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான்.

திரும்பி வரும்போது வேனிலேயே கேட்டேன். "ஏண்ணே, ஊரு உலகத்துக்கெல்லாம் எழுதுறீங்க. உங்க வீட்டம்மாவுக்கு ஒரு பக்கம் எழுதினா கை தேஞ்சிடுமா?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை.  "அவளுக்குப் படிக்கத் தெரியாது தம்பி. நான் எழுதுறத அவ அண்ணன்தான் கூடத்துல உக்காந்து படிச்சுக் காட்டுவாரு. அவ சொல்றத அவருதான் எழுதுவாரு. அண்ணன் வாயால தங்கச்சி கேக்குற மாதிரி என்னத்த எழுதச் சொல்றே? ஒன்ன நெனச்சுக்கிட்டே இருக்கேன்னு எழுதவா?"

எங்கள் அறையில் பாதிப் பேர் நிலைமையும் அதுதான். நானும் அம்மாவுக்கும் பொண்டாட்டிக்கும் சேர்த்து ஒரே கடிதமாகப் போடுகிறவன்தான். அன்றைக்கு அவர் மேல் இரக்கமாக இருந்தது. ஆனாலும் அந்த நான்கு வரி எனக்குத் தொண்டையில் மாட்டிய முள்ளாகத்தான் இருந்தது.

அந்த வருஷக் கடைசியில் திருவாரூரில் இருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. பத்திரிகை ஆபீசு விலாசத்துக்கு வந்து, அங்கிருந்து எங்கள் அறைக்கு வந்தது. புதிதாக எழுதப் பழகியவர்கள் மாதிரி உருட்டி உருட்டி, ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக. வரிகள் மேலே ஏறிக்கொண்டே போகும். சிங்கப்பூரில் இருந்து வந்த சாமான் சுற்றிய தாளில் உங்கள் கதையின் ஒரு அத்தியாயம் படித்தேன், அதற்கு முன்னாலும் பின்னாலும் என்ன நடந்தது என்று தெரியாமல் தூக்கம் வரவில்லை, தெரிவிக்கவும். இவ்வளவுதான். கீழே ‘ஒரு வாசகி’ என்று இருந்தது. பதில் போட ஒரு பள்ளிக்கூட டீச்சர் வீட்டு விலாசம்.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. "நம்ம ஊருப் பக்கந்தான் தம்பி, எங்க ஊருக்குப் பக்கத்து டவுனு. சாமான் கட்டுன தாளு. அதப் படிச்சிட்டு ஒரு பொம்பளப் புள்ள எழுதுது பாரு" என்று எங்கள் நான்கு பேருக்கும் படித்துக் காட்டினார். அது எந்த வீட்டுக்கு வந்த சாமான் என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. சிங்கப்பூர்ச் சாமான் வராத வீடு அந்தப் பக்கம் எங்கே இருந்தது. அவர் ஊருக்கு அனுப்பிய துணிமணியையும் சோப்பையும் பழைய பேப்பரில் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டியவனே நான்தான். எனக்கே உறைக்கவில்லை.

பத்திரிகை ஆபீசில் பழைய பிரதிகளை வாங்கி முழுக் கதையையும் வெட்டி அனுப்பினார். அதன் பிறகு வாரா வாரம் பேப்பர் போனது. அந்தப் பெண்ணும் எழுதியது. மற்ற வாசகர்கள் ஆகா ஓகோ என்று எழுதுவார்கள். இந்த வாசகி அப்படி இல்லை. ஒரு தடவை எழுதியது எனக்கு இன்னும் மனப்பாடமாக இருக்கிறது. ‘உங்கள் கதாநாயகி கிணற்றடியில் அழுவதாக எழுதியிருக்கிறீர்கள். கிணற்றடியில் அழ முடியாது. எப்போதும் ஆள் இருக்கும். அடுப்படியிலும் முடியாது. மாட்டுக் கொட்டகையில்தான் அழலாம். மாடு பார்த்துக்கொண்டிருக்கும், கேட்காது.’

அதைப் படித்துவிட்டு அவர் தொடையில் தட்டினார். "படிப்பு கொஞ்சந்தான், ஆனா என்ன புத்தி பாத்தியா" என்றார். அடுத்த அத்தியாயத்தில் கதாநாயகி மாட்டுக் கொட்டகையில் அழுதாள். முடிவெட்டும் கடையில் பெரிய மீசைக்காரர்கள் எல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தைப்பூசத்தன்று டோபி காட் பக்கம் காவடிக் கூட்டத்தில் நாங்கள் நின்றபோது முன்பின் தெரியாத ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அந்த மாட்டுக் கொட்டகையைப் பற்றியே பேசினார்.

நான்கு பக்கம் ஆறு பக்கமானது, எட்டானது. கிடங்கில் மேலதிகாரி திட்டியது, நெஞ்சுச் சளி, மழை நாளில் அறை ஒழுகுவது, இந்தத் தீவில் இத்தனை பேர் நடுவில் தனியாக இருப்பது எல்லாவற்றையும் அந்த வாசகிக்கு எழுதினார். எழுதியதை எனக்குப் படித்தும் காட்டுவார். ஒரு தடவை, ‘என் மனைவி நல்லவள். ஆனால் எழுத்தறியாதவள். நான் என்ன எழுதுகிறேன் என்பது அவளுக்கு எட்டாது. அது என் தலைவிதி’ என்று எழுதியிருந்தார்.

"இத எதுக்குண்ணே மூணாம் மனுசிக்கு எழுதுறீங்க?" என்றேன்.

"வாசகர்கிட்ட மறைக்கக் கூடாது தம்பி" என்றார்.

அதற்குப் பதில் இரண்டு மாதம் வரவில்லை. அப்புறம் ஒரே ஒரு வரி வந்தது. ‘அவர்களுக்கு எட்டாது என்று உங்களிடம் யார் சொன்னது?’ அவர் அதையும் ரசித்தார். அடுத்த நாவலில் ஒரு பாத்திரத்தின் வாயில் போட்டார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் இரண்டு மாத லீவு எடுத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பினார். பதினோரு வருஷத்துக்குப் பிறகு. சேலை எடுக்க நானும் கூடப் போனேன். மனைவிக்கு ஒரு சேலை ஐந்து நிமிஷத்தில் எடுத்தார். வாசகிக்கு எடுக்க நான்கு கடை ஏறி இறங்கினார். மயில் கழுத்து நிறமா, மாம்பழ நிறமா என்று என் உயிரை வாங்கினார். கடைசியில் மாம்பழ நிறம். அதோடு வாசகிக்கு ஒரு கடிதமும் போட்டிருந்தார். நாகப்பட்டினத்தில் இறங்கி நேராக உங்களைப் பார்க்கத்தான் வருகிறேன், வீட்டுக்கு மறுநாள் போய்க்கொள்ளலாம் என்று.

இதைக் கேட்டதும் நான் கடை வாசலிலேயே கத்திவிட்டேன். "பதினோரு வருசமா காத்துக் கெடக்குற பொம்பள வீட்டுக்கு மறுநாளா? மனுசனாண்ணே நீங்க?"

"வீடு எங்கேயும் போயிடாதுலா" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தவரின் முகத்தில் களை இல்லை. திருவாரூரில் டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினாராம். டீச்சர் கதவை முழுக்கத் திறக்கவில்லை. நீங்கள் தேடி வந்தவர் இங்கே இல்லை, தஞ்சாவூர்ப் பக்கம் போய்விட்டார் என்றாராம். விலாசம் கேட்டதற்குத் தெரியாது என்றாராம். இவர் சேலையைக் கொடுத்துவிட்டு, அந்த ராத்திரி டவுனில் ஒரு லாட்ஜில் தங்கிவிட்டு, மறுநாள் மத்தியானம் வீட்டுக்குப் போயிருக்கிறார்.

"வீட்ல என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. கப்பல் நேத்தே வந்திருச்சாமேன்னா. சுங்கத்துல பெட்டியப் பிரிச்சுப் போட்டு லேட்டாக்கிட்டாங்கன்னேன். சரி, கை கழுவுங்க, எலை போடுறேன்னா."

இரண்டு மாதமும் அந்த அம்மா வேளாவேளைக்குச் சமைத்துப் போட்டதாம். பேச்சுத்தான் இல்லையாம். "என்னத்தப் பேசுறது தம்பி, அவளுக்கு நம்ம ஒலகமே தெரியாது" என்றார். அவருடைய கவலையெல்லாம் வாசகி ஏன் ஓடிப் போனாள் என்பதில்தான் இருந்தது. வந்ததில் இருந்து ஐந்து கடிதம் போட்டார். ஒன்றுக்கும் பதில் இல்லை. தபால்காரன் சைக்கிள் மணி கேட்டால் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். வாரக் கதையில் உயிர் இல்லை. முடிவெட்டும் கடையில் படிக்கும்போதே ஆட்கள் எழுந்து போக ஆரம்பித்தார்கள். தூணுக்குப் பின்னால் நின்று அதையும் பார்த்துவிட்டு வருவார்.

இப்படியே ஒன்றரை வருஷம் போனது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் கீழே கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். தபால்காரன் அவர் பெயருக்கு ஒரு உறையைக் கொடுத்தான். அதே உருட்டி எழுதிய எழுத்து. அதே மாதிரி மேலே ஏறுகிற வரி. எனக்கே சந்தோஷம் தாங்கவில்லை. மாடிப்படியில் ஏறும்போதே, "அண்ணே, வந்திருச்சு உங்க வாசகி கடுதாசி" என்று குரல் கொடுத்தேன். அவர் ஓடிப்போய்க் கை கழுவிக்கொண்டு வந்து பிரித்தார்.

படித்தார். மறுபடி படித்தார். அப்படியே பாயில் உட்கார்ந்தார். கடிதத்தை என்னிடம் நீட்டினார்.

‘அண்ணன் போன மாதம் நெஞ்சு வலி வந்து இறந்துவிட்டார். காரியம் முடிந்தது. இனி எனக்கு எழுதிக் கொடுக்க ஆள் இல்லை. அதனால் நானே எழுதுகிறேன். சாமான் சுற்றிய தாளைப் பார்த்து நீங்கள் கதை எழுதுகிறீர்கள் என்று டீச்சர் சொன்னதும், சந்தைக்குப் போகிற நாட்களில் அவரிடமே எழுத்துக் கற்றுக்கொண்டேன். உங்கள் கதை எல்லாம் படித்தேன். உங்கள் கடிதங்களையும் வைத்திருக்கிறேன். இனிமேல் யாரும் படித்துக் காட்ட வேண்டாம். நீங்கள் எனக்கே எழுதலாம்.’

கீழே அந்த அம்மாவின் சொந்தப் பெயர் இருந்தது.

எனக்கு மாட்டுக் கொட்டகை ஞாபகம் வந்தது. மாம்பழ நிறச் சேலை ஞாபகம் வந்தது. கப்பல் நேற்றே வந்துவிட்டதாமே என்று அந்த அம்மா எதைத் தெரிந்துவைத்துக்கொண்டு கேட்டது என்பது அப்போதுதான் புரிந்தது. அவருக்கு என்னென்ன ஞாபகம் வந்ததோ.

"எழுதுங்கண்ணே. ஒரு வார்த்த கூடத் திட்டலியே அவங்க. எழுதலாம்னு சொல்றாங்க. இப்பவே உக்காந்து எழுதுங்க" என்றேன்.

உட்கார்ந்தார். ‘அன்புள்ள’ என்று எழுதினார். கசக்கிப் போட்டார். இன்னொரு தாள் எடுத்தார். அன்றைக்கு முழுக்க அந்த ஒரு சொல்லோடு கிடந்தார். மறுநாளும் அப்படித்தான். மூன்றாவது வாரம் பத்திரிகை ஆபீசுக்குப் போய், கதை முடிந்துவிட்டது என்று வாயால் சொல்லிவிட்டு வந்தார். வாசகர்கள் தேடி வந்து கீழே நின்றார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லி நான்தான் அனுப்பி வைத்தேன். வந்த கடிதங்கள் பிரிக்காமலேயே கிடந்தன.

"அப்ப கப்பல் ஏறுங்க. நேர்ல போய் நில்லுங்க" என்றேன்.

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு தம்பி? நான் மனசு விட்டு எழுதினது பூரா, அவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிச் சொல்லி வேற எவளுக்கோ எழுதினது. அத அவதான் உக்காந்து எழுத்துக் கூட்டிப் படிச்சிருக்கா." அப்போதுதான் அழுதார். அத்தனை பேரை அழ வைத்த மனிதர் அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஊரில் அந்த அம்மா தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருப்பாரே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் தாளையும் பேனாவையும் எடுத்து என் மடியில் வைத்தார்.

"என்னால முடியல. நீயே எழுதிடுப்பா" என்றார்.

நான் கொஞ்சம் தயங்கினேன். பதிலே போகாமல் இருப்பதற்கு ஏதோ ஒன்று போனால் நல்லது என்று நினைத்தேன். அந்த மடத்தனத்தை இன்றைக்கு வரைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொல்லச் சொல்ல எழுதினேன். நலம், நலமறிய ஆவல். மச்சான் மறைவு கேட்டு மிகவும் வருந்தினேன். உடம்பைக் கவனிக்கவும். மற்றவை பின்னர். கீழே கையெழுத்து மட்டும் அவர் போட்டார். உறையின் மேல் விலாசத்தையும் நானே எழுதி, சிராங்கூன் ரோட்டுத் தபால் பெட்டியில் நானே கொண்டுபோய்ப் போட்டேன்.

அதற்குப் பிறகு ஊரில் இருந்து கடிதம் வரவே இல்லை. உறையைக் கையில் வாங்கியதுமே அந்த அம்மாவுக்கு எழுத்தைப் பார்த்தே தெரிந்திருக்கும், இதுவும் இன்னொரு ஆண்பிள்ளை எழுதிக் கொடுத்தது என்று. மாட்டேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.